பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள்: எவரும் கணக்கெடுக்காத ஆளணி

சுகாதாரத் துறையின் ஆளணிப் பற்றாக்குறை பற்றிப் பேசும்போதெல்லாம் விசேட வைத்திய நிபுணர், வைத்தியர், தாதியர் என்ற மூன்று பெயர்களே அடிபடுகின்றன. அரச பல் சிகிச்சை நிலையங்களில் பல் வைத்தியருக்கு அடுத்த நிலையில் பணிபுரிவோர் யார், எத்தனை பேர், என்ன வயதினர், எந்த மொழி பேசுபவர்கள் என்று எவரும் கேட்பதில்லை. எமது பிள்ளைகளைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நான் கருதுகிறேன்.

2015–16இல் நடத்தப்பட்ட தேசிய வாய்ச் சுகாதார ஆய்வின்படி, இலங்கையின் 5 வயதுப் பிள்ளைகளில் 100க்கு 60 பேருக்கு மேல் பற்சூத்தை இருந்தது. இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பொறுப்பானவர்கள் பெரும்பாலும் பல் வைத்தியர்கள் அல்லர், பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களே. பாற்பல்லைக் கழற்றுவது, சூத்தையை அடைப்பது, பல்லைச் சுத்தம் செய்வது, துலக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பது எல்லாம் அவர்களின் வேலை. 6 வயதளவில் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் நிரந்தரப் பல் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. “விழுந்து முளைக்கும்” என்று விட்டுவிடுகிறார்கள். அதை உரிய காலத்தில் கண்டு காப்பாற்றக்கூடியவர் இந்தச் சிகிச்சையாளர்தான்.

“பல் வைத்தியர்களைக் கூடுதலாக நியமித்தால் போதாதா?” என்று சிலர் கேட்கலாம். போதாது. வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் வலி வந்த பின்னரே பிள்ளை போகிறது. பாடசாலைச் சேவையோ வலி வருவதற்கு முன்னரே வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளைப் பார்ப்பதற்காக உருவானது.

இந்தத் தொழிலின் பிறப்பிடம் நியூசிலாந்து. 1921இல் வெலிங்டனில் இளம் பெண்களை மட்டும் சேர்த்துப் பயிற்சி தொடங்கினார்கள். சிறுவர்களைக் கையாளப் பெண்களே பொருத்தமானவர்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். பல் வைத்தியரைவிடக் குறைந்த செலவு என்பது கூடவே இருந்த காரணம். 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியோடு அதே முறை இங்கே வந்தது. மஹரகமவில் பயிற்சிப் பாடசாலை அமைந்தது. இன்றும் இந்த ஆளணியில் பெரும்பான்மையினர் பெண்கள்தான்.

இதில் குறை எதுவும் இல்லை. குறை இருப்பது ஆளணித் திட்டமிடலில்தான். பாடசாலைப் பல் சிகிச்சை நிலையம் வழமையாக ஒரே ஒரு சிகிச்சையாளரை நம்பியே இயங்குகிறது. அரச ஊழியருக்கு முழுச் சம்பளத்துடனான பிரசவ விடுமுறை 84 வேலை நாட்கள். அது அவரது உரிமை. அதில் கைவைக்கக் கூடாது. ஆனால் பதில் கடமைக்கு ஆள் இல்லையென்றால் ஒரு தவணைக்கும் மேலாக அந்த நிலையத்தின் கதவு மூடியே கிடக்கும். பெண்களை நம்பி ஒரு சேவையை அமைத்த அரசு, பதில் ஆளணியையும் சேர்த்தே திட்டமிட்டிருக்க வேண்டும்.

வயதும் முக்கியமானது. அரச ஊழியரின் ஓய்வு வயது 60 ஆக்கப்பட்டதால் 2022 இறுதியில் பெருந்தொகையானோர் ஒரே நேரத்தில் ஓய்வுபெற்றனர். அதே ஆண்டில் வெளிநாட்டு வேலைக்காகச் சம்பளமற்ற நீண்ட விடுமுறையும் அனுமதிக்கப்பட்டது. ஒரு மாவட்டத்தின் சிகிச்சையாளர்களில் பாதிப்பேர் ஒரே வயதினராக இருந்தால், அவர்கள் ஒன்றாகவே விலகுவார்கள். வயது விபரம் கையில் இல்லாமல் இதை முன்கூட்டி அறிய வழியில்லை.

அடுத்தது மொழி. நாற்காலியில் பயந்து இருக்கும் 7 வயதுப் பிள்ளைக்கு “கொஞ்சம் கூசும், பயப்படாதே” என்று அதன் மொழியில் சொல்ல ஒருவர் வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்காது. கல்முனை, மூதூர், புத்தளம் போன்ற பிரதேசங்களுக்கு அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இந்தத் தொழிலுக்கு வருவதே நிலையான தீர்வு. வெளியிலிருந்து வருபவர் இடமாற்றத்துக்கு விண்ணப்பிப்பது இயல்பு.

ஆகவே மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். முதலாவது, சுகாதார அமைச்சு மாவட்ட வாரியாக இவர்களின் எண்ணிக்கை, வயது, மொழி, வெற்றிடங்கள் ஆகிய விபரங்களை ஆண்டுதோறும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு மாவட்டத்திலும் பதில் கடமைக்கென்று சிலரை வைத்திருக்க வேண்டும். மூன்றாவது, தொழிலில் முன்னேறும் வழி வேண்டும். நியூசிலாந்தில் இது இன்று 3 வருடப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு. அவர்களிடம் மாதிரியை வாங்கிய நாம், அதன் வளர்ச்சியை வாங்கவில்லை.

எமது சமூகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. உயர்தர விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்தும் வெட்டுப்புள்ளியால் மருத்துவ பீடத்தைத் தவறவிடும் மாணவிகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். “டொக்டர் இல்லையென்றால் ஒன்றும் இல்லை” என்று வீட்டில் இருந்துவிடுவோர் எத்தனை பேர்! பாடசாலை அதிபர்களும் ஊர் அமைப்புகளும் வர்த்தமானியில் இந்தப் பதவிக்கான விண்ணப்பம் கோரப்படும்போது அதை அவர்களின் கையில் சேர்த்தால், சில ஆண்டுகளில் எமது ஊர்ப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க எமது ஊரிலேயே ஒருவர் இருப்பார்.