மலைக் கடையில் எரிவாயு

ஜவ்வாது மலையிலே விறகு ஒடித்துத் தலையில் சுமந்து வரும் பெண்களின் பாரத்தைக் குறைப்பது நற்காரியம் என்பதில் எவருக்கும் அபிப்பிராய பேதம் இருக்க நியாயமில்லை. விறகுப் புகை கண்ணைக் கெடுக்கிறது, நெஞ்சைக் கெடுக்கிறது. 2016-ஆம் ஆண்டு மே மாதம் 1-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்துப் பலியாவில் இந்திய சர்க்கார் தொடங்கிய உஜ்வலா திட்டம், ஏழைக் குடும்பத்துப் பெண்களின் பேரால் எரிவாயு இணைப்பு வழங்கிற்று. 2019 செப்டம்பரில் இணைப்புகளின் தொகை எட்டுக் கோடியை எட்டியது. தேசம் பெருமை கொள்ளத் தக்க செய்கையே. ஆயினும் இணைப்பு ஒரு முறை கிடைப்பது. சிலிண்டர் தீர்ந்துபோவதோ திரும்பத் திரும்ப நிகழ்வது. தீர்ந்த சிலிண்டருக்கு மாற்று எங்கே என்ற கேள்விக்கு விடை காணாவிட்டால், புது அடுப்பு மூலையில் கிடக்க, பழைய மூன்று கல் அடுப்பே மறுபடியும் புகையும்.

நிரம்பிய வீட்டுச் சிலிண்டர் ஒன்றின் எடை, 14.2 கிலோ எரிவாயுவும் இரும்புமாக, ஏறக்குறைய 30 கிலோ. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்தார் போளூருக்கும், புதூர்நாட்டுப் பக்கத்தார் திருப்பத்தூருக்கும் வெற்றுச் சிலிண்டரோடு இறங்கி நிரம்பியதோடு ஏற வேண்டுமென்றால் ஒரு நாட் கூலி போய்விடும். ஆகையால் ஊர்க் கடையிலேயே ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறும் வசதியை மலைவாசிகள் விரும்புவது இயற்கை. அபாயமானது, ஆகவே கூடாது என்று நகரத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லுவது எளிது. நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். எங்கே வைப்பது, எப்படி வைப்பது, யார் பொறுப்பாளி என்பவையே நாம் கேட்கும் கேள்விகள்.

இந்த வாயுவின் குணத்தை அறிந்தவர்க்கு அபாயம் இன்னதென்று விளங்கும். புரோப்பேனும் பூட்டேனும் கலந்த இப்பொருள் சிலிண்டருக்குள் திரவமாக அடங்கிக் கிடக்கிறது. வெளிப்பட்டால் ஏறக்குறைய 250 மடங்கு விரிகிறது. காற்றைவிடக் கனமானதாகையால் மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு தவழ்ந்து, பள்ளத்திலும் சாக்கடையிலும் படிக்கட்டின் கீழும் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு சேர்ந்தாலே தீப்பற்றுவதற்குப் போதும். வாசனையற்ற அதற்குத் துர்நாற்றம் ஊட்டியிருப்பது நம்மை எச்சரிக்கவே. ஆனால் கடையை இழுத்து மூடிவிட்டு உறங்குகிறவனுக்கு நாற்றம் என்ன எச்சரிக்கை செய்யும்?

மலையூர்க் கடை எப்படியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். முன்பக்கம் வியாபாரம், பின்பக்கம் குடும்பம். சாமை மூட்டையும் எண்ணெய்ப் பீப்பாயும் வெல்லமும் ஒரே அறையில் அடுக்கப்பட்டிருக்கும். சுவாமி படத்துக்கு முன் விளக்கு எரியும். திறப்பதற்கு ஒரே கதவு. மழைச் சாரலுக்கும் குளிருக்கும் பயந்து சன்னல் அடைபட்டிருக்கும். அத்தகைய அறையின் மூலையில் ஐந்தாறு சிலிண்டர்களை வைத்தால், வைத்தவரிடம் தீய எண்ணம் ஒன்றுமில்லை. களவு போகாமல் காக்க வேண்டுமென்பதே அவரது கவலை. அந்தக் கவலையே அவருக்கு எமனாகலாம்.

2022 செப்டம்பர் மாத இறுதியில் காஞ்சிபுரம் ஜில்லா தேவரியம்பாக்கத்தில் எரிவாயுச் சிலிண்டர்க் கிடங்கு ஒன்று தீப்பற்றியது. பன்னிருவர் தீக்காயமுற்றனர், அவர்களில் சிலர் பின்னர் மருத்துவமனையில் உயிர் நீத்தனர். சிலிண்டர் வியாபாரத்துக்கென்றே அமைந்த இடத்தில் அது நிகழ்ந்தது. 2023 ஆகஸ்டு 26-ஆம் தேதி மதுரையிலே, யாத்திரிகர் வந்த ரயில் பெட்டியில் விதிக்கு மாறாகக் கொண்டுவரப்பட்ட சிலிண்டரால் ஒன்பது பேர் மாண்டனர். நான்கு பக்கமும் அடைத்த இடத்தில் சிலிண்டரும் நெருப்பும் சந்திப்பதன் விளைவு அது. தீயணைக்கும் வண்டி விரைந்து எட்டக்கூடிய இடங்களிலேயே இக்கதியென்றால், வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையின் கோடியில் உள்ள குக்கிராமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ?

சட்டம் என்ன சொல்லுகிறது? 2016-ஆம் ஆண்டின் எரிவாயுச் சிலிண்டர் விதிகளின்படி, ஒரே சமயத்தில் 100 கிலோவுக்கு மேற்படாத சமையல் எரிவாயுவை வைத்திருக்க வெடிபொருள் இலாகாவின் லைசென்ஸ் தேவையில்லை. கணக்குப் போட்டால் வீட்டுச் சிலிண்டர் ஏழு, அல்லது ஐந்து கிலோச் சிலிண்டர் இருபது. லைசென்ஸ் தேவையில்லை என்பதைக் கவலையே தேவையில்லை என்று சிலர் பொருள் செய்துகொள்ளுகின்றனர். இது பெரும் பிழை. ஏழு சிலிண்டர் வேண்டாம். மூடாத அறையில் கசியும் ஒன்று செய்யாததை மூடிய அறையில் கசியும் ஒன்று செய்துவிடும். மேலும், வீட்டு உபயோகச் சிலிண்டரை அங்கீகாரம் பெறாத எவரும் விற்பது 2000-ஆம் ஆண்டின் விநியோக உத்தரவுக்கு விரோதம். மளிகைக் கடைக்காரர் முறைப்படி விற்கக்கூடியது, எண்ணெய்க் கம்பெனிகளின் ஏற்பாட்டில் வரும் ஐந்து கிலோச் சிலிண்டரே. மலைப்பாதையில் ஒரு பெண் தூக்கிச் செல்லத் தக்கதும் அதுதான். அதன் விலை கிலோவுக்குக் கிலோ மானியச் சிலிண்டரைவிட மிகுதியாயிருப்பது வேறொரு குறை. அதைப் பற்றி மற்றொரு நாள் எழுதுவோம்.

வைக்கும் முறை பெரிய வித்தையன்று. அமெரிக்காவிலே புரோப்பேன் சிலிண்டரை மாற்றிக் கொடுக்கும் கடைகள் அதைக் கட்டிடத்துக்குள் வைப்பதில்லை. வெளியே, வாசலை விட்டு விலகி, பூட்டிய இரும்புக் கம்பிக் கூண்டில் வைக்கின்றன. காற்று தாராளமாகப் புகுந்து வெளியேறும், களவும் போகாது. நம் மலைக் கடைக்கும் இதுவே தகும். கூண்டு மேட்டுத் தரையில், வெயில் படாத கூரையின் கீழ் இருக்க வேண்டும். வண்டி வந்து மோதாதபடி முன்னே இரண்டு கல் நட வேண்டும். அருகில் சருகும் வைக்கோலும் விறகுக் கட்டும் கூடா. பீடி குடிப்பவரும் கூடார். சிலிண்டர்களை நிமிர்த்தியே நிறுத்த வேண்டும். படுக்க வைப்பதும் உருட்டுவதும் தவறு. நிரம்பியவை ஒரு பக்கம், வெற்று மறு பக்கம். வெற்றுச் சிலிண்டரிலும் வாயு சிறிது மிஞ்சியிருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அதற்கும் மூடி போட்டே வாங்கிக்கொள்ள வேண்டும். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் தகட்டின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டின் இரண்டு இலக்கமும் பொறித்திருக்கும். முதலெழுத்தான ‘ஏ’ என்றால் ஜனவரி முதல் மார்ச்சு வரை, மற்ற மூன்று எழுத்துக்களும் அப்படியே மும்மூன்று மாதங்கள். அக்கெடு கடந்த சிலிண்டரைக் கடைக்காரர் ஏற்கலாகாது. கசிவு பார்க்கச் சோப்பு நீர் போதும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் மூடத்தனம் இன்னும் அடியோடு ஒழியவில்லை.

கூண்டுக்குப் பணம் யார் கொடுப்பது? சிலிண்டருக்குச் சில ரூபாய் லாபம் பார்க்கும் பெட்டிக்கடைக்காரரா? எஸ்ஸோவும் பர்மா ஷெல்லும் 1970-களில் தேசத்தின் சொத்தாக்கப்பட்டு இன்றைய பொதுத்துறைக் கம்பெனிகளாயின. அந்நியர் கையிலிருந்து அவற்றை மீட்டது, லாபம் கிடைக்கும் நகரத்தோடு நின்றுகொள்வதற்கன்று. எட்டுதற்கரிய பிரதேசங்களுக்கென ‘துர்கம்’ என்ற தனிவகை விநியோகஸ்தரை நியமிக்க 2016-ஆம் ஆண்டு விதிகளே இடந்தருகின்றன. அந்த நியமனத்தோடு கூண்டும் தராசும் தீயணைப்புக் கருவியும் கம்பெனியே தரட்டும். கடைக்காரருக்கும் அவர் மனைவிக்கும் ஒரு நாள் பயிற்சி அளிக்கட்டும். கடை மேடையில் இருப்பவர் பெரும்பாலும் அவ்வம்மையாரே. எச்சரிக்கைப் பலகை தமிழில், மலையாளிப் பெருமக்களின் வழக்குச் சொற்களில் இருக்கட்டும். கசிவுக்கு அழைக்க 1906 என்ற எண் உண்டு. ஆனால் கைபேசி பேசாத மலைமடிப்பில் அந்த எண்ணால் பயனில்லை. அங்கே ஊராட்சி தோறும் பயிற்சி பெற்ற இருவர் வேண்டும்.

ஜவ்வாது மலை ஒன்றாயிருப்பினும் அதிகாரம் பிரிந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை ஜில்லாவிலும், புதூர்நாடு 2019-இல் பிறந்த திருப்பத்தூர் ஜில்லாவிலும் உள்ளன. ஒருவர் எல்லையென்று மற்றவர் கைவிடுவதற்கு இது சாக்காகலாகாது. இரு கலெக்டர்களும் கம்பெனி அதிகாரிகளையும் தீயணைப்பு இலாகாவையும் மலையிலேயே கூட்டி, எந்தெந்த ஊரில் மாற்றுக் கடை, எத்தனை கூண்டு, எந்தத் தேதிக்குள் என்று தீர்மானித்து, அத்தீர்மானத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் செய்யவேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.