வைக்கோல் அரசன்

மேற்கோபுரம் என்ற பெயர் ஜனங்களின் வாயில் தேய்ந்து பேய்க்கோபுரமாகி, இன்று பே கோபுரமாக நிலைத்துவிட்ட திருவண்ணாமலை வீதியில் நான் குடியிருப்பதை வாசகர்கள் அறிவார்கள். இந்த வாரம் பேயே வீட்டுக்குள் வந்துவிட்டது. என் தங்கையின் பேரன் தோழர் நால்வருடன் கூடத்தில் விரித்திருந்தது, 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு. ஒருவன் கதை சொல்ல, மற்றவர் வீரராகவும் மந்திரவாதியாகவும் வேடம் பூண்டு, இருபது முகமுள்ள பகடையை உருட்டித் தங்கள் விதியை அறிந்துகொள்கிறார்கள். கதை சொல்லும் பொறுப்பு அன்று நம் பிள்ளையுடையது. செத்தும் சாகாத ஓர் அரசனை அவன் சிருஷ்டித்துக்கொண்டிருந்தான். நோட்டுப் புத்தகத்தில் மகுடம் தரித்த எலும்புக்கூடு. அதன் கீழே பென்சிலால், உயிர்ப்புள்ளி 135.

"இவன் ஏன்டா சாகலை?"

"உயிரைப் பெட்டியில ஒளிச்சு வச்சிருக்கான் தாத்தா. பெட்டியை உடைச்சாத்தான் சாவான்."

ஏழு கடலுக்கப்பால் கிளிக்குள் உயிரை வைத்த நம் பாட்டிமார் கதை ராட்சசனை நினைத்து மகிழ்ந்தேன். ஆனால் 1977-இல் வந்த அவ்விளையாட்டின் மிருகநூலில் அதே ராட்சசனுக்குப் புலித்தலையும் கையில் புகைக்குழாயும் கொடுத்திருப்பதை அவன் காட்டியபோது, மனம் நொந்துதான் போயிற்று.

கலிங்கத்துப் பரணி இருக்கையில் பேய்க்கு அயலூர் போவானேன்? இதை நான் முன்பும் எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். அதைப் பாடிய குலோத்துங்கன் காலத்துச் செயங்கொண்டார், பேய்க்குப் பொதுவாக ஒரு கோரரூபம் தீட்டியதோடு அமையாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வ விருத்தாந்தம் தருகிறார்: அபயன் என்ற அக்குலோத்துங்கனின் போர்க்களத்தில், அரசர் தலைகளிலிருந்து சொரிந்த மூளைச் சேற்றில் வழுக்கி விழுந்து கால் முடமான பேய் ஒன்று உண்டு. போர் முடிந்து பிணக்கூழ் அட்டு முடித்ததும் குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் சூல்கொண்ட பேய்க்கும் தனித்தனியே பரிமாறுகிறார்கள். பசி என்ற ஒன்றை எடுத்துவிட்டால் அவை அத்தனையும் அக்கணமே விழுந்துவிடும். பேயைச் சிருஷ்டிப்பவன் முதலில் தீர்மானிக்க வேண்டியது அதன் பல்லையன்று, அதன் குறையை என்பது என் திடமான அபிப்பிராயம்.

செத்த அரசன் என்றதும் எனக்கு வல்லாள மகாராஜன் நினைவு வந்தது. நம் அண்ணாமலையார் கோயிலில் அவன் பெயரால் கோபுரம் நிற்கிறது. ஹொய்சள மன்னனாகிய மூன்றாம் வீரவல்லாளன், எண்பது வயதில், 1342 வாக்கில் மதுரைச் சுல்தானிடம் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டான். உடலின் தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தன் கண்ணால் கண்டதாக யாத்திரிகர் இபின் பதூதா எழுதிவைத்தார். எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்திலோ அவன் பிள்ளையற்றவன். பிள்ளையில்லை, தகனமில்லை, பிண்டமில்லை, உடலும் வைக்கோலாயிற்று. இத்தேசத்தின் மிகக் கொடிய பிரேதமாக அலைய வேண்டியவன் அவன். எனினும் அவனுக்கு அஞ்சி யாரும் சொன்ன ஒரு கதையைக்கூட இவ்வூரில் நான் கேட்டதில்லை. ஏனெனில் அண்ணாமலையாரே அவனுக்கு மகனாகிவிட்டார். தைப்பூசத்தன்று ஈசானிய குளத்தில் தீர்த்தவாரி முடிந்ததும் மன்னன் மாண்ட செய்தி வர, சுவாமி மேளதாளமின்றித் திரும்புகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி உத்தரகிரியை செய்கிறார். சிறுவயதில் அப்பாவின் தோளிலிருந்து அந்த மௌன ஊர்வலத்தைக் கண்டேன்: தவில்காரரின் தோளில் தவில் தொங்குகிறது, கை அதன்மேல் அசையாமல் கிடக்கிறது, சுவாமியைச் சுமப்பவர்களின் காலடி மட்டும் மண்ணில் கேட்கிறது.

பிள்ளைகள் பகடையை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ இவனை எப்படித் தாத்தா ஜெயிக்கிறது?"

"கொள்ளி வைக்க ஒருத்தனைத் தேடிக் கொண்டு வரணும்."

அவன் சற்று யோசித்து 135-ஐ ரப்பரால் அழித்துவிட்டு, அங்கே 'பிள்ளை இல்லை' என்று எழுதினான். மாசி மகத்தன்று ஐவரையும் பள்ளிகொண்டாப்பட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.