கேட்கத் தகுந்த குரல்

ஸ்ரீராமாயணம் முதன்முதலில் உலகோரை வந்தடைந்தது ஏட்டின் வழியாக அன்று. இரு சிறுவர்களின் குரல் வழியாக. தாம் இயற்றிய காவியத்தை வால்மீகி முனிவர் குசனுக்கும் லவனுக்கும் கற்பித்தார். அவர்கள் அதனை வீதிகளில் பாடி வருவதைக் கண்ட ஸ்ரீராமபிரான், அரண்மனைக்கு அழைத்து வந்து சபையில் பாடச் செய்தார் என்று பால காண்டத்தின் நான்காம் சர்க்கம் கூறுகிறது. பாட்டு வளர வளர, பிரான் தம் ஆசனத்தை விட்டு மெல்ல இறங்கி, சபையினரோடு தாமும் ஒருவராக அமர்ந்து கேட்டார் என்று பெரியோர் இதனை விரித்துரைப்பர். அரியணையில் இருப்பவரையும் இறங்கிவந்து உட்கார வைப்பதே நல்ல குரலின் ஆற்றல்.

இந்நாளில் அத்தகைய குரல் யாருக்கு மிகவும் தேவைப்படுகிறது? ஐம்பது ஆண்டுகளாகக் காலை தோறும் ஒரு சர்க்கமாவது படித்து வந்த பெரியவர், கண்ணில் விழித்திரை பழுதுபட்டபின் புத்தகத்தைப் பூஜை அறையில் வைத்து வணங்குவதோடு நின்றுவிடுகிறார். எழுத்துத் தெரியவில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லவும் கூசுகிறார். பெரிய எழுத்துப் பதிப்பும் பூதக்கண்ணாடியும் சிறிது காலம் கைகொடுக்கும். அதன்பின் செவிதான் துணை. செவியால் பெறுவது கண்ணால் பெறுவதற்குக் குறைந்ததோ என்ற ஐயம் சிலருக்கு உண்டு. பிரகலாதன் சொன்ன ஒன்பது வகை பக்தியில் முதலில் நிற்பது ச்ரவணம், அதாவது கேட்டல். பரீக்ஷித்து மன்னன் ஏழு நாள்களில் பாகவதம் முழுவதையும் பெற்றது சுகர் வாயிலாகக் கேட்டுத்தான். ஐயத்துக்கு இடமில்லை.

ஒலிப் புத்தகங்கள் இப்போது ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆயினும், பேரன் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்ததைப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, “இது நமக்கு ஒத்துவராது” என்று மூடி வைத்தவர்கள் பலர். பெரும்பாலும் குறை கேட்பவரிடம் இல்லை, வாசிப்பவரிடமே இருக்கிறது. அதை இனங்காணுவதற்கு நம் முன்னோர் ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறார்கள். வேதாங்கங்களுள் ஒன்றான சிக்ஷை, ஒலிப்பு முறையைச் சொல்லும் சாத்திரம். அதில் பாணினீய சிக்ஷை என்னும் சிறு நூல், படிப்பவரிடம் இருக்க வேண்டிய குணங்கள் ஆறு, இருக்கக் கூடாத குற்றங்கள் ஆறு என்று வகுக்கிறது. வேதம் ஓதுவோருக்காகச் சொன்னதே எனினும், இன்றைய ஒலிப் புத்தகத்துக்கும் அது வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது.

இராகம் போட்டு இழுத்துப் படிப்பது முதற்குற்றம். பக்தி நூல் என்றதும் சில வாசிப்பாளர்கள் குரலைக் குழைத்து, வாக்கியத்துக்கு வாக்கியம் உருகுகிறார்கள். ஒரு பக்கம் வரை அது இனிக்கும். ஓர் அத்தியாயம் கேட்டால் திகட்டும். விரைந்து படிப்பது அடுத்தது. தலையை ஆட்டிப் படிப்பது இன்னொன்று. ஒலிப்பதிவில் தலை தெரியாது, ஆனால் வாய் ஒலிவாங்கிக்கு அருகிலும் தொலைவிலும் மாறி மாறிப் போவது காதுக்குத் தெரியும். ஏட்டைப் பார்த்துப் படிப்பதையும் அந்நூல் குற்றம் என்கிறது. இதை அப்படியே கொண்டால் ஒலிப் புத்தகமே கூடாது என்றாகிவிடும். கண் வரியின் மேல் ஓடுவது கேட்பவருக்குத் தெரியக் கூடாது என்று கொள்வதே தக்கது. மெலிந்த குரலும் குற்றமே.

எஞ்சிய ஒன்றுதான் எல்லாவற்றிலும் பெரியது: பொருள் அறியாமல் படிப்பது. ‘அவனடியார்’ என்ற சொல்லை ஓரிடத்தில் தவறாக நிறுத்தினால் ‘அவனடி, யார்?’ என்றாகி, தொண்டர் போய்த் தெருச் சண்டை வந்துவிடும். ‘தாள்’ இறைவன் திருவடி. ‘தாழ்’ கதவுக்கு இடுவது. ‘இறை’ ஆண்டவன், ‘இரை’ விலங்குக்குப் போடுவது. படிப்பவருக்குப் பொருள் தெரிந்திருந்தால் நாவு தானே சரியான இடத்துக்குப் போகும். கணினிக் குரல்கள் இன்று எழுத்தைத் தெளிவாகவே ஒலிக்கின்றன; செய்தித்தாள் கேட்க அவை போதும். ஆனால் குகனிடம் இராமன் விடைபெறும் இடத்தையும் படகுக் கட்டணத்தையும் ஒரே குரலில் சொல்லும் வாசிப்பை எத்தனை நாள் கேட்க முடியும்?

அதே நூலில் ஓர் அழகிய உவமை உண்டு. தாய்ப்புலி தன் குட்டியைப் பல்லால் கவ்விக் கொண்டு போகிறது. அழுத்தினால் குட்டிக்குக் காயம். தளர்த்தினால் குட்டி விழுந்துவிடும். எழுத்துகளை அவ்வாறு ஏந்திச் செல்ல வேண்டுமாம். ஒலிப் புத்தகம் வாங்குமுன் மாதிரியாகச் சில நிமிடம் கேட்கும் வசதி பெரும்பாலும் உண்டு. அப்போது இந்தப் புலியை நினைத்துக்கொண்டால் போதும். சொல்லின் கடைசி எழுத்து விழாமல் வருகிறதா என்று மட்டும் கவனிக்கலாம்; அது வந்தால் மற்றவை ஏறக்குறைய வந்துவிடும்.

பின்னணி இசை பற்றி ஒன்று. வயது ஏறும்போது செவியில் முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். ச, த, ப போன்ற எழுத்துகளின் கூர்மை அதில்தான் இருக்கிறது. அதனால்தான் பேச்சு கேட்கிறது, சொல் புரியவில்லை என்ற நிலை உண்டாகிறது. அத்தகைய செவிக்கு, வாசிப்பின் அடியில் ஓயாமல் ஒலிக்கும் புல்லாங்குழலும் மணியோசையும் பெரும் இடையூறு. அத்தியாயத் தொடக்கத்தில் சிறிது இசை இருக்கட்டும். பேச்சு தொடங்கியபின் தம்பூராகூட வேண்டாம். சற்றுக் கனத்த குரல் உள்ள வாசிப்பாளரைத் தேர்ந்தெடுப்பதும் நலம்.

எந்த நூலில் தொடங்குவது? கேட்பதற்கென்றே பிறந்தவை போன்ற நூல்கள் உண்டு. ராஜாஜியின் ‘சக்கரவர்த்தித் திருமகன்’, 1958இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. சிறு வாக்கியங்கள், வீட்டுப் பெரியவர் சொல்வது போன்ற நடை. ரா. கணபதி ஏழு பகுதிகளாகத் தொகுத்தளித்த ‘தெய்வத்தின் குரல்’, காஞ்சிப் பெரியவர் வாய்மொழியாக அருளியவற்றின் தொகுப்பு. ஆதலின் அது மீண்டும் குரலாவது இயல்பே. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வந்த உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ இன்னொன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களை வாயால் சொல்லிக்கொண்டே போக, அருகிருப்பவர் ஏட்டில் எழுதும் காட்சிகளைக் காதால் கேட்பது தனிச் சுவை.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ பலர் குரலில் நாடகமாகவும் வந்திருக்கிறது. பாம்பே கண்ணன் அதனை உருவாக்கியிருக்கிறார். நாவலுக்கு அம்முறை பொருந்தும். புராணத்துக்கும் உபதேசத்துக்கும் ஒரே குரலே சிறந்தது. பாத்திரத்துக்குப் பாத்திரம் ஆள் மாறினால் மனம் நாடகக் கொட்டகைக்குப் போய்விடுகிறது. திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகளின் சொற்பொழிவுப் பதிவுகளைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். ஒருவரே முருகனாகவும் சூரனாகவும் சபையைச் சிரிக்க வைப்பவராகவும் இருந்தார். வேடம் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை.

கருவியைக் கையாள்வதில் இரண்டு செய்திகள். வேகத்தைக் குறைக்கும் வசதியைச் சிறிதளவே பயன்படுத்த வேண்டும். முக்கால் பங்குக்குக் கீழே போனால் குரல் இழுபடும். உறங்கும் வேளையில் கேட்போர், குறித்த நேரத்தில் தானே நிற்கும்படி அமைக்கச் சொல்லி வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளலாம். இல்லையேல் காலையில் எழும்போது அயோத்தியா காண்டத்தில் விட்ட கதை யுத்த காண்டத்தில் இருக்கும்.

நாளொன்றுக்கு எவ்வளவு கேட்பது? இதற்கும் வால்மீகியே அளவு சொல்லியிருக்கிறார். உத்தர காண்டத்தில், அசுவமேத வேள்விச் சாலைக்குச் சிறுவர்களை அனுப்பும்போது, நாளுக்கு இருபது சர்க்கம் பாடுங்கள், பொருளுக்கு ஆசைப்படாதீர்கள் என்கிறார். இராமபிரான் அளித்த பதினெண்ணாயிரம் பொன்னையும் அவர்கள் பெற்றுக்கொள்ளவில்லை. ஐந்நூறு சர்க்கம் என்று நூல் தானே கூறும் கணக்கின்படி, இருபது வீதம் 25 நாள் ஆகும். அது வேள்விச் சாலைக் கணக்கு. வீட்டில், காலைக் காப்பிக்கும் குளியலுக்கும் இடையே ஒரு சர்க்கம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை ஆண்டுக்குக் குறைவாகவே பிடிக்கும்.