காப்பீடு மண்ணைக் கழுவாது

உருக்காலை மண்ணையும் நீரையும் கெடுத்தால், அதைச் சீர்செய்யும் செலவைக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிடும் என்ற நம்பிக்கை ஆலை நிர்வாகங்களிடமும் ஆலையைச் சுற்றி வாழும் மக்களிடமும் வேரூன்றியிருக்கிறது. பொறுப்புக் காப்பீடு எடுக்கப்படும் என்ற ஒரு வரி சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் இடம்பெற்றுவிட்டால் பலருக்கு அதுவே போதும் என்று தோன்றிவிடுகிறது. பாலிசியின் வாசகமும் உருக்காலை மாசின் தன்மையும் இந்த நம்பிக்கைக்கு இடம் கொடுப்பதில்லை. பணம் வந்துவிடும் என்று எண்ணியிருக்கும் காலத்தில்தான் மண் நஞ்சேறிக்கொண்டிருக்கிறது என்பதால் இந்த நம்பிக்கை ஆபத்தானதும்கூட.

காப்பீடு எதிர்பாராத இழப்புக்காக ஏற்பட்டது. நாளும் நேரமும் குறித்துச் சொல்லக்கூடிய சம்பவம் அதற்கு வேண்டும். குழாய் வெடிக்கலாம், தொட்டி உடையலாம், வால்வு பழுதாகி வாயு வெளியேறலாம். 2014 ஜூன் மாதம் பிலாய் உருக்காலையில் நச்சு வாயு கசிந்து 6 பேர் இறந்தது இத்தகைய விபத்து. உருக்காலைகளில் இவை நடக்கத்தான் செய்கின்றன. இவற்றுக்குக் காப்பீடு தேவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் உருக்காலையின் மாசில் பெரும்பகுதி விபத்தால் வருவதன்று. நிலக்கரியைக் காற்றுப் படாமல் 1,000 பாகை செல்சியஸுக்கு மேல் பல மணி நேரம் சூடாக்கிக் கல்கரி எடுக்கும்போதே தார், பென்சீன், அம்மோனியா, ஃபீனால், சயனைடு எல்லாம் கூடவே பிறக்கின்றன. அடுப்புக் கதவுகளின் இடுக்குகளில் புகை கசிகிறது. தார்த் தொட்டிகளின் அடியில் படியும் கசடு எங்காவது கொட்டப்படுகிறது. பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலையில் ஒரு டன் எஃகுக்குச் சுமார் 10 முதல் 20 கிலோ வரை தூசு கிளம்பும்; அதில் துத்தநாகம், ஈயம், காட்மியம் கலந்திருக்கும். எஃகுத் தகடுகளின் துருவைப் போக்கும் அமிலத் தொட்டிகளிலிருந்து உலோகம் கரைந்த கழிவு அமிலம் வெளிவருகிறது. இரும்புத் தாதுத் தூளைக் கட்டியாக்கும் பிரிவு டயாக்சின் என்ற கடும் நச்சு உண்டாகும் இடம். இத்தனையும் ஆலை ஒழுங்காக ஓடும் நாளிலேயே நடப்பவை. இந்தக் கழிவுகளை வெளியே விடாமல் பிடித்துச் சுத்திகரிக்க ஆலை தவறும்போது ஒவ்வொரு ஷிப்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக அவை மண்ணில் இறங்குகின்றன. எந்த நாளில் நிலத்தடி நீர் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நாளைக் கேட்காமல் பணம் கொடுக்கும் பாலிசி அரிது.

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் உள்ள சிட்னி நகரத்தின் வரலாறு இதற்குச் சான்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஊர் நடுவே உருக்காலையும் கல்கரி அடுப்புகளும் எழுந்தன. அடுப்புகளின் கழிவு மகா (Muggah) என்ற சிற்றோடை வழியாகக் கழிமுகத்தில் போய்ச் சேர்ந்தது. ஏறக்குறைய 90 ஆண்டுகளில் 7 லட்சம் டன் அளவுக்கு நச்சுச் சேறு அங்கே படிந்தது. அந்த இடத்துக்கே தார்க் குட்டைகள் என்று பெயராகிவிட்டது. துறைமுகத்துச் சிங்கி இறால்களில் தாரின் நச்சுச் சேர்மங்கள் காணப்பட்டதால் 1980களின் தொடக்கத்தில் ஒரு பகுதியில் இறால் பிடிப்பு நிறுத்தப்பட்டது. கல்கரி அடுப்புகள் 1988இல் அணைந்தன; பத்தாண்டுக்கு மேல் கழித்து ஆலையும் மூடப்பட்டது.

யாரிடம் பணம் கேட்பது? ஆலை பலமுறை கை மாறியிருந்தது. கடைசித் தனியார் உரிமையாளரான ஹாக்கர் சிட்லி 1967இல் ஆலையை மூடப்போவதாக அறிவித்ததும், வேலையிழப்புக்கு அஞ்சி மாகாண அரசே அதை ஏற்றுக்கொண்டது. லாபம் பார்த்தவர்கள் போய்விட்டார்கள். சேறு அரசின் கைக்கு வந்தது. சேற்றைத் தோண்டி எரிக்கும் முதல் முயற்சி பெருஞ்செலவுக்குப் பின் தோற்றது. 2004இல் மத்திய அரசும் மாகாண அரசும் 40 கோடி கனடிய டாலர் ஒதுக்கின. இன்றைய மாற்று விலையில் அது 2,000 கோடி ரூபாய்க்கு மேல். சேற்றோடு சிமெண்டைக் கலந்து இறுகச் செய்து, மேலே மூடி, 2013இல் அங்கே ஒரு பூங்கா திறக்கப்பட்டது. அந்த 40 கோடி டாலரும் வரி கட்டியவர்களின் பணம். தலைமுறை தலைமுறையாக அந்தப் புகையைச் சுவாசித்த தொழிலாளர் குடும்பங்கள் தங்கள் தெருவைச் சுத்தம் செய்யவும் தாங்களே பணம் கட்டின. இதைவிடப் பெரிய அநீதி தொழில் வரலாற்றில் அதிகம் இல்லை.

காப்பீடு எல்லாவற்றையும் ஏற்கும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் விடை உண்டு. அமெரிக்காவில் 1966இல் வந்த பொதுப் பொறுப்புப் பாலிசியின் மாதிரி வாசகம் தொடர்ச்சியாகவும் திரும்பத் திரும்பவும் நேரும் பாதிப்பையும் உள்ளடக்கியிருந்தது. மெதுவான மாசுக்கும் அதன்கீழ் பணம் கேட்க வழியிருந்தது. அதனால்தான் அங்குள்ள பழைய தொழில் நிறுவனங்கள் இன்றும் ஐம்பது அறுபது ஆண்டு முந்தைய பாலிசித் தாள்களைத் தேடி எடுத்து வழக்காடுகின்றன. அந்தக் கதவு வெகுநாள் திறந்திருக்கவில்லை. 1970களின் தொடக்கத்திலேயே திடீரெனவும் தற்செயலாகவும் நேர்ந்தாலன்றி மாசுக்குப் பணம் இல்லை என்ற விலக்கு சேர்க்கப்பட்டது. 1980 டிசம்பரில் சூப்பர்ஃபண்ட் சட்டம் வந்து, பழைய கழிவுக்கும் நிறுவனங்களைப் பொறுப்பாக்கியது. செலவின் அளவைக் கண்ட காப்பீட்டு நிறுவனங்கள் 1980களின் நடுவில் பொதுப் பாலிசியிலிருந்து மாசை ஏறக்குறைய முழுவதுமாகவே வெளியேற்றின. இந்தியாவிலும் தொழிற்சாலைகளின் பொதுப் பொறுப்புப் பாலிசியில் மாசு, தனியாகக் கேட்டுச் சேர்த்தால் ஒழிய, பெரும்பாலும் விலக்குப் பட்டியலில்தான் இருக்கிறது.

மாசுப் பொறுப்புக்கென்றே தனிப் பாலிசிகள் பிறகு வந்தன. மெதுவாகப் பரவும் மாசையும் ஏற்பவை அவற்றில் உண்டு என்பது உண்மை. ஆனால் அவை எதை விலக்குகின்றன என்று பார்க்க வேண்டும். பாலிசி தொடங்கும் முன்பே நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்த மாசுக்குப் பணம் இல்லை. பத்து, இருபது ஆண்டு ஓடிய ஆலையின் கசடுமேடு நிர்வாகத்துக்குத் தெரியாமல் இருக்க முடியுமா? சட்டத்தை வேண்டுமென்றே மீறியிருந்தால் பணம் இல்லை. அபராதத்துக்குப் பொதுவாக இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்தப் பாலிசிகள் பெரும்பாலும் உரிமைகோரல் எந்த ஆண்டில் எழுகிறதோ அந்த ஆண்டுக்குத்தான் பொருந்தும். பாலிசி நடப்பில் இருக்கும்போது கோரிக்கை வந்தாக வேண்டும். உருக்காலை மாசோ பெரும்பாலும் ஆலை மூடிய பிறகுதான் முழுதாக வெளிப்படுகிறது. அப்போது பிரீமியம் கட்ட ஆள் இல்லை, பாலிசியும் இல்லை.

இத்தாலியின் தாரந்தோ நகரத்து இல்வா ஆலையின் அனுபவமும் இதே பக்கம்தான் நிற்கிறது. ஆலையைச் சுற்றி மேய்ந்த ஆடுகளில் டயாக்சின் ஏறியதால் 2008இல் மந்தைகள் கொல்லப்பட்டன. 2012இல் நீதிமன்றம் ஆலையின் உலைப் பகுதிகளைக் கைப்பற்ற ஆணையிட்டது. பின்னர் தூய்மைப்பணிக்குக் கிடைத்த நூறு கோடி யூரோவுக்கும் மேற்பட்ட தொகை, குற்றவியல் விசாரணையில் முடக்கப்பட்ட உரிமையாளர் குடும்பத்தின் வெளிநாட்டுச் சொத்திலிருந்து வந்தது. பாலிசி செய்யாததை வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் செய்ய வேண்டியிருந்தது.

இந்தியாவில் போபால் விஷவாயு விபத்துக்குப் பின் வந்த 1991ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தைச் சிலர் பெரிய அரணாகக் காட்டுகிறார்கள். அபாயகரமான பொருள்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கையாளும் ஆலைகள் காப்பீடு எடுத்தே தீர வேண்டும், தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே நிவாரணம் கேட்கலாம் என்பவை இச்சட்டத்தின் நல்ல கூறுகள். ஆனால் அது விபத்துக்கான சட்டம். உயிரிழப்புக்கு அது முதலில் வைத்த நிவாரணம் 25,000 ரூபாய். சொத்துச் சேதத்துக்கு அதிகபட்சம் 6,000 ரூபாய். விதிகளின்படி ஒரு விபத்துக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் உச்சவரம்பு 5 கோடி ரூபாயாக இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொகைகள் அசையவில்லை. அண்மையில் அவை உயர்த்தப்பட்டாலும் சட்டத்தின் மையம் விபத்துதான். விபத்து நடந்து ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கவும் பென்சீன் ரத்தப் புற்றாக வெளிப்படவும் அதைவிட நெடுங்காலம் ஆகலாம். அரசு நிறுவனங்கள் தனி நிதி வைத்திருந்தால் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெறவும் சட்டம் இடம் தருகிறது. பிரீமியத்துக்கு இணையான தொகையை ஆலைகள் செலுத்தும் சுற்றுச்சூழல் நிவாரண நிதியைச் சென்னையில் தலைமையகம் கொண்ட யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் நிறுவனம் நிர்வகித்து வந்தது. 2008இல்தான் அந்த நிதிக்கான திட்டமே அறிவிக்கப்பட்டது. சட்டம் வந்து 17 ஆண்டு கழித்து!

காப்பீட்டு நிறுவனங்கள் ஆய்வு செய்து பிரீமியத்தை ஏற்றி இறக்குவதால் ஆலைகள் தாமாகவே ஒழுங்குக்கு வரும் என்று ஒரு வாதம் உண்டு. தீத்தடுப்பிலும் கொதிகலன் பாதுகாப்பிலும் அது ஓரளவு உண்மை. மாசில் அது பலிப்பதில்லை. நிறுவனம் பணம் கொடுக்கக் கடமைப்படாத இழப்பைத் தடுக்க அதற்கு அக்கறை பிறக்காது. விலக்கப்பட்ட மாசின்மீது காப்பீட்டு ஆய்வாளரின் கண் ஏன் விழ வேண்டும்?

பொறுப்பு யாருடையது என்பதில் இந்தியச் சட்டத்தில் ஐயம் இல்லை. ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அபாயகரமான தொழில் நடத்துவோருக்கு முழுப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு, கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாகவே அறிவித்தது. மாசடைந்த இடங்களைக் கையாள 2025இல் தனி விதிகளும் வந்துவிட்டன. கொள்கை போதுமான அளவு இருக்கிறது; ஆலை மூடும் நாளில் கையில் பணம் இருக்கிறதா என்பதுதான் எஞ்சியிருக்கும் கேள்வி.

அதற்கு வழி ஆலை லாபத்தில் ஓடும் காலத்திலேயே பணத்தை ஒதுக்குவது. சுரங்கங்கள் மூடல் செலவுக்காகத் தனிக் கணக்கில் பணம் கட்டும் முறை இந்தியாவில் ஏற்கெனவே இருக்கிறது. உருக்காலைகளுக்கும் அதே முறை வேண்டும். உற்பத்தியாகும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு தொகை, நிர்வாகம் தொட முடியாத கணக்கில் சேர வேண்டும். ஆலை தொடங்கும் முன்பே மண், கிணற்று நீர் இரண்டையும் சோதித்து முடிவைப் பொதுவில் வைக்க வேண்டும்; கை மாறும்போது மறுபடியும் சோதிக்க வேண்டும். விற்றவரின் பொறுப்பு விற்பனையோடு தீரக் கூடாது. திடீர் விபத்துக்கான காப்பீடு இவற்றோடு சேர்ந்து இருக்கட்டும். இவற்றுக்கு மாற்றாக அதை ஏற்கக் கூடாது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஆலை தரப்பு பாலிசியைக் காட்டினால், அதன் விலக்குப் பக்கத்தைத் தமிழில் உரக்கப் படிக்கும்படி ஊர் மக்கள் கேட்க வேண்டும்.