பற்றுச்சீட்டில் நிறையையும் எழுதித் தாருங்கள்

மதிப்புக்குரிய தபால் மா அதிபர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு கல்லடியில் இருந்து எழுதுகிறேன். பழைய முத்திரைகள், முதல் நாள் உறைகள், சீல் குத்திய பழைய கடித உறைகள் ஆகியவற்றை இணைய ஏலத்தில் விற்பது என் தொழில். புளியந்தீவில் தொடங்கி களுவாஞ்சிக்குடி வரை, வாவியின் இரு கரையிலும் இதைச் செய்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர்கள், பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். எங்கள் எல்லோருக்கும் பொதுவான தேவை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லவே இந்த மடல்.

ஏலத் தளத்தை நடத்தும் கம்பனி ஒரு நாட்டில், வாங்குகிறவர் இன்னொரு நாட்டில், காசை இடையில் பிடித்து வைத்திருக்கும் நிறுவனம் வேறொரு நாட்டில் இருக்கிறது. நாங்கள் நடந்துபோய் முகம் பார்த்துப் பேசக்கூடிய இடம் எங்கள் ஊர்த் தபாலகம் மட்டும்தான். வில்லங்கமான ஓர் ஆளோடு பிணக்கு வரும்போது எங்கள் பக்கம் நின்று பேசும் ஒரே சாட்சியும் அங்கே எழுதித் தரும் துண்டுக் கடதாசிதான். அந்தக் கடதாசிக்கு இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும்.

வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் நல்லவர்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சுவாமி விபுலாநந்தருக்கு நம் நாடு வெளியிட்ட முத்திரையைத் தேடி ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறவர், "அண்ணன், நம்மட ஊர்ச் சாமான்தானே, கொஞ்சம் குறைச்சுத் தாங்க" என்று தொடங்குவார். பேரம் முடிந்ததும் சொன்ன காசை அன்றைக்கே போடுவார். அவுஸ்திரேலியாவில் குடியேறிய மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பங்களின் பிள்ளைகள், தங்கள் ஊர்ச் சீல் தெளிவாக விழுந்த உறை என்றால் விலையே கேட்பதில்லை. இப்படியானவர்களால்தான் இந்தத் தொழில் ஓடுகிறது.

முறைப்பாடு செய்கிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்களும் இல்லை. வாவிக் காற்றின் உப்பும் மாரிகால ஈரமும் முத்திரையைச் சும்மா விடாது. கார்த்திகை, மார்கழியில் பின்பக்கத்துக் கோந்து இளகி ஆல்பத்தின் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பல் ஓரங்களில் பழுப்புப் புள்ளி விழும். முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் போட்டுவிட்டுப் பின்பக்கத்துப் புள்ளியைச் சொல்லாமல் விட்டால், வாங்கியவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்த இடத்தில் வாதாடக் கூடாது. காசைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: குறையை நீயே முதலில் சொல்லு, பின்பக்கத்தையும் படம் எடு. பாதிப் பிணக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

மிச்சப் பாதிதான் உங்களிடம் கொண்டுவர வேண்டியது.

ஐரோப்பாவில் ஒருவர் ஆறாம் ஜோர்ஜ் காலத்து இலங்கை முத்திரைத் தொகுதி ஒன்றை என்னிடம் ஏலத்தில் எடுத்தார். பொதி கிடைத்த மறுநாள், "உறை வந்தது, உள்ளே ஒன்றும் இல்லை" என்று முறைப்பாடு போட்டார். கூடவே ஒரு படமும் அனுப்பியிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் நாடா ஒட்டிய வாய்ப்பக்கம் குலையாமல் அப்படியே இருந்தது. பக்கவாட்டில் கத்தியால் நேராக வெட்டித் திறந்திருந்தார்கள். வழியில் யாரும் கைவைத்த அடையாளம் அதில் இல்லை. நல்லகாலம், என் பற்றுச்சீட்டில் நிறை 46 கிராம் என்று தெளிவாக எழுதியிருந்தது. அதே அளவான வெறும் உறை ஒன்றைத் தராசில் வைத்தேன், 11 கிராம். பற்றுச்சீட்டையும் தராசையும் படம் எடுத்துத் தளத்துக்கு அனுப்பினேன். முறைப்பாட்டைத் தள்ளிவிட்டார்கள்.

அந்த 46 என்ற எண் இல்லாதிருந்தால் அவர் சொல்வதும் நான் சொல்வதும் வெறும் சொல்தான். அப்படி வரும்போது தளங்கள் வாங்குகிறவர் பக்கம் சாயும். அது அவர்களின் வியாபார முறை. ஆகவே எனது முதல் கோரிக்கை இது. நாட்டின் எந்த உப தபாலகத்தில் பதிவுத் தபால் போட்டாலும், இயந்திரத்தில் அடித்த சீட்டானாலும் கையால் எழுதிய சீட்டானாலும், கிராம் கணக்கில் நிறை குறிக்கப்பட வேண்டும். தபால் கட்டணம் கணக்கிட எப்படியும் பொதியை நிறுக்கத்தான் வேண்டும். நிறுத்த எண்ணைச் சீட்டிலும் எழுதினால் போதும்.

அடுத்தது நாட்கணக்கு. நாங்கள் விற்கும் ஈபே தளத்தின் விதிப்படி, பொருள் வரும் என்று சொன்ன திகதி கடந்து 30 நாட்கள் வரை வாங்குகிறவர் முறைப்பாடு செய்யலாம். விற்றவர் 3 வேலை நாட்களுக்குள் அதைத் தீர்க்க வேண்டும். தவறினால் வாங்குகிறவர் தளத்தையே தீர்ப்புக்கு அழைக்கலாம். தபாலின் கணக்கு வேறு. உலக அஞ்சல் ஒன்றியத்தின் ஒழுங்கின்படி, பொதியைப் போட்ட மறுநாளில் இருந்து 6 மாதங்களுக்குள் விசாரணை கோரலாம். இங்கிருந்து விண்ணப்பம் போய், மற்ற நாட்டுத் தபால் சேவை தேடிப் பார்த்து, பதில் வந்து சேர வாரக்கணக்காகும். 1874இல் தொடங்கிய ஒன்றியம் அது. நாடுகளுக்கிடையில் அலுவலகக் கடிதங்கள் போய்வரும் வேகத்துக்கு ஏற்ற ஒழுங்கு. தளத்தின் மூன்று நாளும் ஒன்றியத்தின் ஆறு மாதமும் ஒன்றோடொன்று பொருந்தா. இதில் உங்கள் திணைக்களத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இந்த இடைவெளிக்குள்தான் கள்ள முறைப்பாடுகள் நுழைகின்றன. "பொருள் வரவில்லை" என்று சொல்கிறவருக்குப் பொறுமையாகக் காத்திருந்தாலே போதும்.

இதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இன்ன இலக்கப் பொதி இன்ன திகதியில் நாட்டை விட்டுப் போனது, போய்ச் சேர்ந்த நாட்டில் இன்ன நாள் பதிவானது என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம், திணைக்களத்தின் முத்திரையோடு, இரண்டு நாளுக்குள் மட்டக்களப்பிலேயே கிடைக்க வேண்டும். பதிவுத் தபாலின் இலக்கம் உலகம் முழுவதும் ஒரே அமைப்புத்தான்: முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் எங்கள் நாட்டைக் குறிக்கும் எல்.கே. அந்த இலக்கத்துக்குரிய தகவல் ஏற்கனவே கணினியில் இருக்கிறது. அதை அலுவலகக் கடிதமாக எடுத்துத் தர ஒருவருக்கு அதிகாரம் கொடுத்தால் போதும்.

உண்மையான தாமதத்தை நிரூபிப்பதும் சிரமமாக இருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் தபால் ஊழியர்கள் ஒரு வாரமளவில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகள் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. எந்த மழையிலும் எங்கள் வாசலுக்கு வந்து மணியடிப்பவர்கள் அவர்கள். அதே மாதம் 29ஆம் திகதி, 800 டொலருக்கு உட்பட்ட பொதிகளுக்குக் கொடுத்துவந்த தீர்வை விலக்கை அமெரிக்கா நிறுத்தியது. பல நாடுகளின் தபால் சேவைகள் அந்த நாட்டுக்குப் பொதி ஏற்பதையே சில காலம் நிறுத்தி வைத்தன. அந்த நாட்களில் தாமதத்துக்குக் காரணம் சொன்னால் வாங்குகிறவர் நம்பத்தானே வேண்டும்? நம்பவில்லை. ஊர்ப் பத்திரிகைச் செய்தியை மொழிபெயர்த்து அனுப்பினாலும் தளத்துக்கு அது போதாது. சேவை தடைப்படும்போதெல்லாம் எந்த நாட்டுக்கு, எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை என்று மூன்று மொழியிலும் ஓர் அறிவித்தல் வெளியிடுங்கள். அதன் இணைய முகவரியை அனுப்பினால் எங்களைப் போன்றவர்களின் வாய்ச்சொல்லுக்கு மேல் அது நிற்கும்.

மாற்றி அனுப்புகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் திரும்பி வரும் பொதியும் உங்கள் கையால்தான் வருகிறது. "சொன்ன தரத்தில் இல்லை" என்று நல்ல முத்திரையை வைத்துக்கொண்டு, கிழிந்த ஒன்றையோ போலி ஒன்றையோ திருப்பி அனுப்புவார்கள். இது பெரிய விலை முத்திரைகளுக்கு மட்டும் நடப்பதில்லை. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1இல் வந்த ஆறு பென்ஸ் முத்திரை. 1859இல் வந்த மங்கிய ரோசா நிற நான்கு பென்ஸ் முத்திரை உலகம் அறிந்த அரிய பொருள். அப்படி எதுவும் எங்கள் கையில் இல்லை. ஆனால் விக்டோரியா காலத்துச் சாதாரண முத்திரையிலும் பல் எண்ணிக்கையைப் பொறுத்து, தாளுக்குள் இருக்கும் கிரீட அடையாளத்தைப் பொறுத்து விலை பலமடங்கு மாறும். முத்திரையைச் சுற்றியுள்ள பற்கள் எந்த இரண்டு முத்திரையிலும் ஒரேமாதிரிக் கிழிவதில்லை. ஒரு மூலையில் பல் குட்டை, இன்னொரு பக்கத்தில் நார் நீண்டிருக்கும், சீலின் வளைவு படத்தின் மூக்கை வெட்டிப் போகும். அனுப்ப முன் இரண்டு பக்கத்தையும் பெரிதாக வருடிப் படம் எடுத்து வைத்தால், திரும்பி வந்தது அதுதானா என்று பல்லைப் பல்லோடு வைத்துக் காட்டிவிடலாம். திரும்பி வரும் பொதியைத் தபாலகத்திலேயே, அலுவலர் பார்த்திருக்கத் திறந்து, நிறையைக் குறித்துக் கையெழுத்து வாங்க ஓர் ஒழுங்கு இருந்தால் அந்த ஒப்பீட்டை எவரும் மறுக்க முடியாது. இதற்குக் கட்டணம் வைத்தாலும் கொடுப்போம்.

இப்படியானவர்களைப் பற்றி மற்ற விற்பனையாளர்களை எச்சரிக்கவும் வழியில்லை. 2008 மே மாதத்தில் இருந்து ஈபேயில் விற்பவர் வாங்குபவருக்குக் கெட்ட கருத்து எழுத முடியாது. பழிவாங்கும் கருத்துக்குப் பயந்து வாங்குபவர்கள் உண்மையைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதே அதற்குச் சொன்ன காரணம். அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் ஒருவர் பத்துப் பேரை ஏமாற்றியவர் என்பது பதினோராவது ஆளுக்குத் தெரியாது. "பாதிக் காசைத் திருப்பு, இல்லாவிட்டால் கெட்ட கருத்துப் போடுவேன்" என்று மிரட்டுகிறவர்கள் இதில்தான் வளர்ந்தார்கள். அந்த மிரட்டலைத் தளத்தின் விதிகளே தடைசெய்கின்றன. அதனால் பேச்சை வாட்ஸ்அப்புக்குக் கொண்டுபோக விடாமல், தளத்துக்குள்ளேயே எழுத்தில் பேசவைத்து அதைக் காட்டி முறையிட வேண்டும். இது நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம்.

உங்கள் எல்லைக்குள் வரும் இன்னொரு தொல்லை சுங்கப் படிவம். 2021 ஜூலை 1இல் இருந்து ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோவுக்கு உட்பட்ட பொருட்களுக்கு இருந்த வரிவிலக்கை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு, "அன்பளிப்பு என்று எழுது, ஒரு டொலர் என்று போடு" என்று கேட்பது சாதாரணமாகிவிட்டது. மாட்டேன் என்றால் ஏலத்தில் எடுத்ததற்குக் காசு கட்டாமல் விடுவார்கள், அல்லது வரி கேட்டதும் பொதியை ஏற்காமல் திருப்பி விடுவார்கள். ஒரு டொலர் என்று எழுதி அனுப்பிய பொதி தொலைந்தால் அதற்கு மேல் இழப்பீடு கேட்க எந்த முகத்தோடு உங்களிடம் வருவது? பிள்ளைகள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். பொய் மதிப்பு எழுதினால் என்ன நடக்கும் என்பதை நல்ல தமிழில் ஒரு தாளில் அச்சடித்துத் தபாலக யன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டினால், "தபாலகத்தில் விடமாட்டார்கள்" என்று வாங்குகிறவரிடம் படம் எடுத்தே காட்டலாம்.

முத்திரையோடு பழைய நாணயக் காசுகளையும் கேட்கிறவர்கள் உண்டு. அந்த விசயத்தில் இந்த நெருக்குதல் இன்னும் கடினம். ஒல்லாந்தர் 1638இல் போர்த்துக்கேயரிடம் இருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களுடைய கம்பனியின் எழுத்துப் பொறித்த செப்புக் காசுகள் இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் தகரப் பெட்டிகளில் இன்றும் கிடக்கின்றன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதற்கு அலைகிறார்கள். "கடிதத்துக்குள் மடித்து வை, யாருக்கும் தெரியாது" என்பார்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச் 2க்கு முற்பட்ட காசு தொல்பொருள். தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதியில்லாமல் அதை நாட்டை விட்டு அனுப்ப முடியாது. அனுப்பவும் கூடாது, அது இந்த மண்ணின் சொத்து. அதற்குப் பிந்திய காசுகளிலும் குழப்பம் தீரவில்லை. காப்புறுதி செய்யாத கடிதப் பொதியில் காசு, நாணயத்தாள் வைப்பதை உலக அஞ்சல் உடன்படிக்கை தடுக்கிறது. உள்நாட்டுச் சட்டம் இடம்கொடுத்தால் மூடிய பதிவுக் கடிதத்தில் அனுப்பலாம் என்ற விலக்கும் உண்டு. புழக்கத்தில் இல்லாத, சேகரிப்புக்கான காசுக்கு இங்கே என்ன விதி என்பதை உங்கள் திணைக்களம் ஒரே வசனத்தில், எழுத்தில் சொல்லிவிட வேண்டும். அது இல்லாத வரைக்கும் நேர்மையானவன் விற்காமல் இருப்பான், மற்றவன் மடித்து அனுப்புவான்.

பணம் பெறும் வழி மத்திய வங்கியின் காரியம் என்பதால் அதை நீட்டவில்லை. பேபால் நீண்ட காலம் இலங்கையருக்குக் காசு அனுப்ப மட்டுமே இடம்கொடுத்தது, பெற இடம்கொடுக்கவில்லை. பலர் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மச்சானின் கணக்கில் காசு வாங்கினார்கள். பிணக்கு வந்தபோது முடக்கப்பட்டது மச்சானின் கணக்கு. குடும்பத்துக்குள்ளேயே பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் உண்டு. உங்கள் பக்கத்துக் காசுக் கணக்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். பதிவுத் தபால் தொலைந்தால் உலக அஞ்சல் ஒன்றியத்தின் கணக்கில் கிடைக்கும் இழப்பீடு 30 சிறப்பு எடுப்பனவு உரிமை (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) அளவுதான். அதனால் விலை கூடிய பொருளுக்குக் காப்புறுதியோடு அனுப்பும் வசதி மாவட்டத்தில் எந்தத் தபாலகங்களில் இருக்கிறது என்ற பட்டியலையாவது வெளியிட்டு உதவுங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. திரும்பி வரும் பொதியை அலுவலர் முன்னால் திறப்பதற்குப் புதிய ஒழுங்கு வேண்டியிருக்கலாம். காசுகள் பற்றிய விதிக்குத் தொல்பொருள் திணைக்களத்தோடும் சுங்கத்தோடும் பேச வேண்டியிருக்கும். ஆனால் பற்றுச்சீட்டில் நிறை எழுத எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம், உங்கள் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை போதும். அதை முதலில் அனுப்புங்கள். இந்த வருட மாரிக்கு முன் வந்தால், ஆண்டு முடிவில் வெளிநாட்டார் அதிகமாக வாங்கும் காலத்துக்கு எங்களுக்கு அது உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
கல்லடியில் இருந்து ஒரு முத்திரை விற்பனையாளன்