குட்டிக் கிருஷ்ணருக்குச் சீடை கொடுக்கலாமா?

கோகுலாஷ்டமி மாலை. வாசலிலிருந்து பூஜையறை வரை அரிசி மாவில் குட்டிக் குட்டிப் பாதங்கள். தலையில் மயிலிறகும் கையில் புல்லாங்குழலுமாக வீட்டின் ஒன்றரை வயது வாண்டு வலம் வருகிறது. படையல் முடிந்ததும் பாட்டி ஆசையாக ஒரு சீடையை எடுக்கிறார். “என் கண்ணனுக்குத்தான் முதல்ல!”

“வேண்டாம் அத்தை, தொண்டையில சிக்கிடும்” என்கிறார் மருமகள்.

“உன் புருஷன் இதைச் சாப்பிட்டுத்தானே வளர்ந்தான்?”

அவ்வளவுதான். பண்டிகை வீட்டில் சட்டென்று ஓர் அமைதி.

பல வீடுகளிலும் நடக்கிற காட்சி இது. இதில் யார் பக்கம் நியாயம்? பாட்டி செய்த சீடையில் கலர் இல்லை, ரசாயனம் இல்லை. பொருள் சுத்தமானது, மனசும் சுத்தமானது. ஆனாலும் மருமகள் சொல்வதுதான் சரி. ஏனென்றால், இங்கே சிக்கல் சீடையில் என்ன இருக்கிறது என்பதில் இல்லை. சீடை எப்படி இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

முதல் கேள்வி: வடிவம் என்ன?

குழந்தைக்கு ஒரு பண்டத்தைக் கொடுக்கும் முன் பெரும்பாலோர் “இது சத்தானதா?” என்று கேட்கிறோம். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால், அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “இதை இவனால் மென்று விழுங்க முடியுமா?”

முன்பற்கள் கடிக்கத்தான் உதவும். அரைத்து மெல்வதற்குக் கடைவாய்ப்பற்கள் வேண்டும். முதல் கடைவாய்ப்பற்கள் பொதுவாக 13 முதல் 19 மாதங்களுக்குள் முளைக்கின்றன. அடுத்த ஜோடி வர 2 வயதாகிவிடும். சிலருக்கு இரண்டே முக்கால் வயதுகூட ஆகும். பல் வந்த பிறகும் நன்றாக மென்று விழுங்கும் பழக்கம் வர இன்னும் சில காலம் பிடிக்கும். மூச்சுக்குழாயோ ஏறக்குறைய குழந்தையின் சுண்டுவிரல் தடிமன்தான்.

உருண்டையாக, கெட்டியாக, வழுக்கலாக இருக்கும் எதுவும் அந்தக் குழாயை மூடியைப் போல அடைத்துவிடும். சீடை, வேர்க்கடலை, முழு முந்திரி, முழு பாதாம், கற்கண்டு, கமர்கட், முழு திராட்சை, பாப்கார்ன், பச்சைக் கேரட் துண்டு எல்லாமே இந்தப் பட்டியலில் வரும். கடலை மிட்டாயும் பொரிவிளங்காய் உருண்டையும் சத்தானவைதான், ஆனால் இந்த வயதுக்கு இல்லை. உறிஞ்சி விழுங்கும் ஜெல்லி கப்பில் இன்னும் கவனம் தேவை. அது நேராகத் தொண்டைக்கே வழுக்கிப் போய்விடும். கொன்யாக் சேர்த்த சின்ன ஜெல்லி கப்புகளை ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் காரணத்துக்காகவே தடை செய்தது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும், உருண்டையான கெட்டி உணவுகளைப் பொடியாக நறுக்காமல் 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

எப்படிக் கொடுக்கலாம்?

இந்த உணவுகளில் பலவற்றை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை, வடிவத்தை மாற்றினாலே போதும். வேர்க்கடலையையும் பாதாமையும் நைஸாகப் பொடித்துக் கஞ்சியில் கலக்கலாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டி, விதை இருந்தால் எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். கேரட்டை வேகவைத்து மசிக்கலாம், ஆப்பிளைத் துருவலாம். நட்ஸ் வகைகளை முதன்முறை தரும்போது மட்டும் கொஞ்சமாகத் தந்து கவனியுங்கள். உதடு வீங்கினாலோ, உடம்பில் தடிப்பு வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

என்ன கொடுத்தாலும் உட்கார்ந்து சாப்பிடப் பழக்குங்கள். ஓடும்போதும், சிரிக்கும்போதும், பைக்கில் போகும்போதும் வாயில் எதுவும் வேண்டாம். மொபைலில் கார்ட்டூன் போட்டுவிட்டு ஊட்டினால், குழந்தையின் கவனம் மெல்லுவதில் இருக்காது. வீட்டில் அக்கா, அண்ணன் இருந்தால் அவர்களிடமும் சொல்லிவையுங்கள். தம்பிப் பாப்பாவுக்குப் பாசமாகக் கடலை ஊட்டுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு இனிப்பு?

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்குச் சர்க்கரை, உப்பு அதிகமுள்ள உணவுகளும் இனிப்புப் பானங்களும் வேண்டாம் என்கிறது. முடிந்தவரை 2 வயது வரை சர்க்கரை சேர்க்காமலே பழக்குவது நல்லது. 2 வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு 25 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஏறக்குறைய 6 டீஸ்பூனுக்குள் இருக்கட்டும் என்கிறது அமெரிக்க இதயச் சங்கம்.

“நாங்க வெள்ளைச் சர்க்கரையே சேர்க்கறதில்ல, கருப்பட்டிதான்” என்பவர்கள் உண்டு. சுவையும் மணமும் வேறு என்றாலும் வெல்லமும் கருப்பட்டியும் இனிப்புக் கணக்கில் சர்க்கரைதான். கூடுதலாகப் போட்டுக்கொள்ள அனுமதிச்சீட்டு கிடையாது.

பாக்கெட் வாங்கினால் பின்பக்கத்தைப் பாருங்கள். 100 கிராமில் சர்க்கரை 20 கிராம் என்று போட்டிருந்தால், 25 கிராம் பாக்கெட்டில் 5 கிராம் இருக்கிறது. அது ஒரு டீஸ்பூனுக்கும் மேல். குளுக்கோஸ் சிரப், ஃப்ரக்டோஸ், இன்வெர்ட் சிரப் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அதுவும் சர்க்கரையே. டீயில் பிஸ்கட்டைத் தொட்டு ஊட்டுகிற பழக்கத்தையும் விட்டுவிடலாம். பிஸ்கட்டில் இனிப்பு இருக்கிறது. டீயோ, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைக் குறைக்கிறது.

தேனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைப்பது நம் ஊரில் பழைய வழக்கம். ஆனால் தேனில் போட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் அவை வளர்ந்து, தசைகளைத் தளரச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். எவ்வளவு சுத்தமான மலைத்தேனாக இருந்தாலும் ஒரு வயது வரை ஒரு சொட்டுகூட வேண்டாம்.

மூன்றாவது கேள்வி: ஏன் இந்த நிறம்?

2024 பிப்ரவரியில் புதுச்சேரியும், அடுத்து தமிழகமும் ரோஸ் நிறப் பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தது நினைவிருக்கும். துணிக்குச் சாயமேற்றப் பயன்படும் ரோடமின்-பி அதில் இருந்ததுதான் காரணம். கையிலும் நாக்கிலும் ஒட்டிக்கொள்ளும் அடர் ரோஸ், பளீர் மஞ்சள் என்றால் தள்ளியே நில்லுங்கள். கடையில் வாங்கும் பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் காலாவதி தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சிக்கிவிட்டால்?

யாருக்காவது புரையேறினால் “யாரோ நினைக்கிறாங்க” என்று தலையில் தட்டுவோம். அதனால் பலன் இல்லை. குழந்தை சத்தமாக இருமினால் இருமவிடுங்கள், அதுவே சிறந்த மருந்து. இருமலோ அழுகையோ சத்தமாக வராமல், மூச்சுவிடத் திணறினால் அது ஆபத்து. ஒருவர் 108-க்கு அழைக்கட்டும். இன்னொருவர் முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். வெளிவராவிட்டால் திருப்பிப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவே 5 முறை அழுத்த வேண்டும். ஒரு வயதைத் தாண்டியிருந்தால், முன்னால் குனியவைத்து முதுகில் 5 தட்டல். பிறகு பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி மேலாக 5 அழுத்தல். பொருள் வெளிவரும் வரை மாறி மாறிச் செய்யலாம். குழந்தை நினைவிழந்தால் உடனே சிபிஆர் தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவக் கூடாது, அது இன்னும் உள்ளே போய்விடும். தண்ணீரோ வாழைப்பழமோ ஊட்டவும் கூடாது. முறையான பயிற்சி கிடைத்தால் வீட்டில் இருவராவது கற்றுக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் முக்கியம். கடலை தின்னும்போது பலமாக இருமிய குழந்தை, பிறகு சமாதானமாகி விளையாடலாம். ஆனால் கடலைத் துண்டு மூச்சுக்குழாயின் கிளையில் தங்கியிருக்கக்கூடும். சில நாள் கழித்து இருமலும் வீசிங்கும் வரும். சளி என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம். எக்ஸ்ரேயிலும் கடலை தெரியாமல் போகலாம். அதனால், “அன்னைக்குக் கடலை சாப்பிடும்போது இருமினான்” என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வரிதான் அவருக்கு வழிகாட்டும்.

பாட்டியிடம் எப்படிச் சொல்வது?

“உங்க பலகாரம் ஆகாது” என்று சொன்னால் யாருக்கும் மனசு நோகும். “சீடை அவனுக்கு 4 வயசு ஆனதும் நீங்களே கொடுங்க. இப்போ அவலை நல்லா ஊறவைச்சு, வாழைப்பழத்தோட குழைச்சு ஊட்டுங்க அத்தை” என்று சொல்லிப் பாருங்கள். ஊட்டும் கை மாறவில்லை, பண்டம் மட்டும்தான் மாறுகிறது. 2 வயதைத் தாண்டிய குழந்தைக்குச் சீடைக்கு வைத்த அதே மாவிலும் வெல்லத்திலும் மெத்தென்ற பிடி கொழுக்கட்டை ஒன்று அவித்து, சின்னதாகப் பிய்த்துத் தரலாம்.

யோசித்துப் பார்த்தால், கண்ணன் பானையை உருட்டித் திருடித் தின்றது வெண்ணெய். குசேலரிடம் பிடுங்கித் தின்றது அவல். சீடையைப் பெரியவர்கள் சாப்பிடட்டும். குட்டிக் கிருஷ்ணருக்கு ஊறவைத்த அவலும், விரல் நுனியில் ஒரு துளி வெண்ணெயும் போதும்.