மூக்கால் பெட்ரோல் அளக்கும் மேதைகளுக்கு...

மாடிஃபை பண்ணின காரில் ஒரு கோளாறு வந்தால் போதும், இரண்டு வகை மேதைகள் கிளம்பி வந்துவிடுவார்கள். முதல் வகை, சைலன்சர் பக்கம் குனிந்து மூக்கால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "ரிச்சா ஓடுது தம்பி, இன்ஜெக்டரை மாத்திரலாம்" என்பார். இரண்டாம் வகை நம்ம வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. செல்போனில் ஸ்கேனரை இணைத்து, பி0171 என்று ஒரு கோட் வந்ததும், "ஆக்சிஜன் சென்சார் அவுட் மச்சி" என்று தீர்ப்பு எழுதிவிடும். முன்னவர் இன்ஜினியரிங் பையன்களைப் பார்த்துச் சிரிப்பார். பின்னவர் மெக்கானிக்கைப் பார்த்துச் சிரிப்பார். என்னைக் கேட்டால் ரெண்டு பேரும் பார்ப்பது ஒரே தொழில்தான். அதற்குப் பெயர் ஜோசியம்.

நான் சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம். ஃப்யூல் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்காமல் பெட்ரோல் சம்பந்தப்பட்ட எதையும் மாற்றாதீர்கள். பம்ப், ரெகுலேட்டர், இன்ஜெக்டர், சென்சார், மேப்... எதையுமே.

முதலில் அந்த பி0171. அதன் அர்த்தம் 'சென்சார் போச்சு' என்பதல்ல. "கலவை லீனாக இருப்பதாகத் தெரிகிறது, நானும் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துவிட்டேன், சரியாகவில்லை" என்று ஈ.சி.யூ. புலம்புகிறது, அவ்வளவுதான். அதற்காக சென்சாரை மாற்றுவது, காய்ச்சல் என்று காட்டிய தெர்மாமீட்டரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு வாங்குவது மாதிரி.

மூக்குக்கார அண்ணன்களுக்கும் ஒரு செய்தி. ஆக்சிஜன் சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை; பெயரிலேயே இருக்கிறதே, ஆக்சிஜனை அளக்கிறது. ஒரு சிலிண்டரில் பிளக் சரியாக ஸ்பார்க் கொடுக்கவில்லை என்று வையுங்கள். எரியாத பெட்ரோலும் வெளியே வரும், எரியாத ஆக்சிஜனும் வெளியே வரும். மூக்குக்கு ரிச், ஸ்கேனருக்கு லீன். ரெண்டு பேரும் நாள் முழுக்கச் சண்டை போடலாம். கோளாறு என்னமோ இக்னிஷன் காயிலில் இருக்கும்!

கதை விட வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் சீனியர் அண்ணன் ஒருவரிடம் பழைய 1.3 லிட்டர் ஹேட்ச்பேக். ஹெட்டர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், பெரிய ஏர் ஃபில்டர் எல்லாம் போட்டார். ஒரு மாதத்தில் செக் இன்ஜின் விளக்கு எரிய ஆரம்பித்தது. கோட், வழக்கம்போல பி0171. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பம்ப்பை மாற்றினார்கள். விளக்கு அணையவில்லை. சென்சாரை மாற்றினார்கள். அணையவில்லை. கடைசியாக அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டர் ஒன்றைப் போட்டு பிரஷரை ஏற்றினார்கள். விளக்கு அணைந்துவிட்டது! "பாத்தியா தம்பி, காருக்குப் பெட்ரோல் பத்தலை" என்று பில்லைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் மைலேஜ் போச்சு. ஃபுல் த்ராட்டில் கொடுத்தால் கறுப்புப் புகை.

காலேஜ் லேபில் கேஜ் மாட்டினோம். வேக்குவம் ஹோஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் 4 பார். இங்கே ஒரு சின்ன கணக்கு. இன்ஜெக்டர் வழியாகப் போகும் பெட்ரோல், பிரஷரின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். 3 பாரை 4 ஆக்கினால் சுமார் 15 சதவீதம் பெட்ரோல் அதிகம். சரி, நிஜமாகவே லீனாக இருந்திருந்தால் இது சரிதானே? இல்லையே! பிரஷரை மறுபடி 3-க்கு இறக்கியதும் ஃப்யூல் ட்ரிம் ஐடிலிங்கில் பிளஸ் 20-க்கு மேலே ஏறியது. ஆர்.பி.எம். ஏற்றினால் இறங்கியது. சைலன்சர் முனையில் ப்ளோயரை வைத்துக் காற்று அடித்து, இன்ஜின் பக்கம் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். புது ஹெட்டர் ஃப்ளாஞ்சில் குமிழ் குமிழாக வந்தது. கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை. அங்கேதான் வெளிக்காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. அந்தக் காற்றிலிருந்த ஆக்சிஜனைப் பார்த்து சென்சார் 'லீன்' என்று சொல்ல, ஈ.சி.யூ. அதை நம்பி பெட்ரோலைக் கூட்டியிருக்கிறது.

அதாவது, இன்ஜின் ஒருநாளும் லீனாக ஓடவே இல்லை. ரிச்சாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினுக்குத்தான் பிரஷரை ஏற்றினார்கள். ட்ரிம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதால் கோட் போய்விட்டது. நோய் போகவில்லை, ரிப்போர்ட்டைத் திருத்திவிட்டார்கள். ஃபுல் த்ராட்டிலில் ஈ.சி.யூ. சென்சாரைக் கேட்காது, தன் மேப்பை வைத்துத்தான் ஓட்டும். அங்கே அந்த 15 சதவீதம் அப்படியே உபரி. அதுதான் கறுப்புப் புகை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருக்கும் ஆயிலைக் கழுவும், கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கொல்லும். கேஸ்கெட் விலையைச் சொன்னால் அண்ணன் அழுதுவிடுவார் என்பதால் விட்டுவிடுகிறேன்.

இப்போது "எனக்கு இருபது வருஷ அனுபவம்" என்கிறவர்களுக்கு வருவோம். நக்கல் இல்லை, நிஜமான மரியாதையோடுதான் சொல்கிறேன். கார்புரேட்டர் காலத்தில் உங்கள் மூக்கும் காதும் உண்மையிலேயே அளவுகருவிகள். திருகைத் திருப்பினால் திருப்பிய அளவுக்குக் கலவை மாறும், மாறினது அப்படியே இருக்கும். இன்ஜெக்‌ஷன் காரில் அப்படி இல்லை. நீங்கள் ஒரு தப்பு செய்தால் ஈ.சி.யூ. பின்னால் உட்கார்ந்து அதைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான கார்களில் 25 சதவீதம் வரைக்கும் மூடி மறைக்கும். மறைக்க முடியாமல் போகும்போதுதான் விளக்கு எரியும். மூக்குக்கு எட்டுவது மறைத்தது போக மிச்சம் மட்டும்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? வரிசையாகச் சொல்கிறேன்.

1. பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, ஸ்டார்ட் பண்ணி லைனில் இருக்கும் பிரஷரை முதலில் காலி பண்ணுங்கள். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம் கேஜ். ரிட்டர்ன் லைன் உள்ள கார்களில் வேக்குவம் ஹோஸ் இல்லாமல் 3 பார் என்றால், ஹோஸோடு ஐடிலிங்கில் சுமார் 2.4 காட்ட வேண்டும். வித்தியாசமே இல்லை என்றால் ஹோஸிலோ ரெகுலேட்டரிலோ கோளாறு. ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டர் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது, ரிச்சுக்குக் காரணம் அதுவே. (ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும் கார்களில் இந்த ஹோஸ் கிடையாது, அளவு மாறாமல் நிற்கும்.)

2. இன்ஜினை நிறுத்திவிட்டு முள்ளைப் பாருங்கள். சரசரவென்று இறங்கினால் பம்ப் செக் வால்வு, ரெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர் மூன்றில் ஒன்று.

3. லோடில் பாருங்கள். ஐடிலிங்கில் எல்லாப் பம்ப்பும் நல்ல பிள்ளைதான். ஃபுல் த்ராட்டிலில் முள் சரிந்தால் முதலில் பம்ப் கனெக்டரில் வோல்டேஜை அளங்கள். பேட்டரியில் 13.5 இருந்து பம்ப்பில் 11.5 தான் வருகிறது என்றால் குற்றவாளி வயரிங், பம்ப் பாவம்.

4. பிரஷர் எல்லா இடத்திலும் சரியா? அப்போது மட்டும் ட்ரிம்மைப் படியுங்கள். ஐடிலிங்கில் நல்லா இருந்து லோடில் பிளஸ் ஏறினால், இன்ஜெக்டர் அடைப்பா, காற்றைக் குறைத்து அளக்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃப்ளோ சென்சார் வைத்த காரில் 60 மி.மீ. குழாயை 70 மி.மீ. ஆக்கி அதே சென்சாரைச் சொருகினால், காற்றின் வேகம் குறைந்து, கால்வாசிக்கு மேல் காற்று கணக்கிலேயே வராது. பளபளக்கும் இன்டேக் குழாய் வாங்கினவர்கள் கொஞ்சம் யோசிக்கவும் :-)

டர்போ போட ஆசைப்படும் நண்பர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பிரஷர் மாறாத ரிட்டர்ன்லெஸ் சிஸ்டத்தில் 0.5 பார் பூஸ்ட் ஏற்றினால், இன்ஜெக்டரின் மறுபக்கத்தில் அந்தக் காற்று எதிர்த்துத் தள்ளும். 3 பார் என்பது நிஜத்தில் 2.5 பார். பெட்ரோல் சுமார் 9 சதவீதம் குறையும். அதிகம் தேவைப்படும் அதே நேரத்தில் குறையும்! இதைக் கோட் சொல்லாது, மூக்கும் சொல்லாது. நாக்கிங் ஆரம்பித்துச் சில நொடிகளில் பிஸ்டன் சொல்லும்.

இன்னொரு புது வில்லனும் இருக்கிறார். நம் பெட்ரோலில் எத்தனால் 2022-ல் 10 சதவீதம், 2025-ல் 20 சதவீதம். சரியான கலவை விகிதமே 14.1-லிருந்து 13.5 பக்கம் இறங்கிவிட்டது. பழைய பெட்ரோலுக்குப் போட்ட மேப், ஃபுல் த்ராட்டிலில் இன்று 3-4 சதவீதம் லீன். கார் மாறவில்லை, டியூனர் தொடவில்லை, ஆனால் கலவை மாறிவிட்டது. வைட்பேண்ட் கேஜ் இருந்தால் ஏ.எஃப்.ஆர். எண்ணை விட்டுவிட்டு லாம்ப்டாவில் படியுங்கள், குழப்பம் பாதி தீரும்.

"கேஜ் வாங்கக் காசு?" என்று கேட்பவர்களுக்கு: ஒரு பம்ப்பைத் தப்பாக மாற்றும் காசு இருக்கிறதல்லவா, அதில் கேஜ் வாங்கி மிச்சமும் வைக்கலாம். அதைவிட முக்கியம், மாடிஃபை கார் வைத்திருப்பவன் முக்கால்வாசிப் பேர் பணக்காரப் பையன் இல்லை. பார்ட் டைம் வேலை பார்த்து, பழைய காரை வாங்கி, ஒவ்வொரு பார்ட்டாகச் சேர்த்தவன். அவன் காசில் ஊகம் செய்து பார்க்க நமக்கு என்ன உரிமை? டாக்டர் ரத்தப் பரிசோதனை இல்லாமல் ஆபரேஷன் பண்ணினால் ஊரே கொதிக்கிறது. இன்ஜினுக்கு மட்டும் கைராசி போதுமா?

அளந்துவிட்டுப் பேசுங்கள். அளக்கவில்லையா, பேசாதீர்கள்.

டிஸ்கி: தயாரிப்பாளர் தந்த அளவுகளை மாற்றி ரோட்டில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி தப்பு, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. ஃபுல் த்ராட்டில் ஆராய்ச்சியெல்லாம் டைனோவிலோ, இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி மாதிரி டிராக்கிலோ வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஹோஸை இழுத்துக் காருக்குள்ளே கேஜை வைக்கும் வீரர்கள் அருள்கூர்ந்து இந்தப் பதிவை மறுபடி முதலிலிருந்து படிக்கவும்.